விறகுத் தொட்டி வழக்கு

அந்த வருஷம் ராயபுரத்தில் பிள்ளைகளைத் தெருவில் விடவே எல்லாரும் பயந்தார்கள். எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்தில் பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கவில்லையாம், தலைச்சன் பிள்ளையைக் காவு கொடுத்தால்தான் நிற்குமாம், அதற்காகச் சாக்குப் பையோடு ஆட்கள் அலைகிறார்களாம். இப்படி ஒரு பேச்சு. எந்தப் பாலம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எண்ணூரிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரப் பெண்களைக் கேட்டேன். "எங்கூர்ல பாலமும் இல்ல, கீலமும் இல்ல. உங்க ஹார்பர்லதான் புள்ள புடிக்கிறாங்கன்னு நாங்க பயந்துகினு கீறோம்" என்றார்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையவில்லை. என் கணவர் ஹார்பரில் கிரேன் ஓட்டினார். நான் ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டு, பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவு வருமென்று காத்திருந்தேன். காத்திருப்பது என் உடம்புக்கு ஒத்துவராத காரியம். பெருக்கின வீட்டையே மறுபடி பெருக்குவேன். தபால்காரர் வருகிறாரா என்று பார்க்க வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பேன். அன்று மத்தியானம் நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் நின்றதற்கும் வேறு காரணம் கிடையாது.

நாங்கள் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் முன்பக்கத்து ஒற்றை அறை. முன்கதவு நேராகத் தெருவில் திறக்கும். பின்கதவைத் திறந்தால் மற்ற குடித்தனங்களுக்கும் பொதுவான முற்றம். எதிரே ஒரு விறகுத் தொட்டி. சவுக்குக் கட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்து, நிறுத்து விற்பார்கள். தொட்டிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். என்னைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். நான் குடிவந்த புதிதில் விஷக்காய்ச்சலில் விழுந்தபோது, கணவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கைரிக்‌ஷா பிடித்து என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். அவர் மனைவி எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு, காலம் கடந்து அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை. நாலு வயது.

அன்று அந்தக் குழந்தை தெருக்குழாயடியில் நின்று விளையாடிக்கொண்டிருந்தது. அழுக்கு வேட்டியும் தோளில் சாக்குமாக ஒரு ஒல்லியான ஆள் அதன் முன்னால் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். குழந்தை பதில் சொல்லாமல் உதட்டைப் பிதுக்கியது. அடுத்த நிமிஷம் யாரோ ஒரு பெண் வீறிட்டாள்.

"ஐயோ, புள்ள புடிக்கிறவன்! புடி, புடி!"

இத்தனை ஆட்கள் அந்தச் சின்னத் தெருவில் எங்கே இருந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். தொட்டியில் கட்டை பிளந்துகொண்டிருந்தவர்கள், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தவர்கள், எல்லாரும் ஓடிவந்தார்கள். அந்த ஆள் ஓடப் பார்த்தான். ஓடியதுதான் தப்பாகப் போயிற்று. பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். அதன்பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகளும் ஓங்கி இறங்கும் கைகளும்தான். அடிபடுகிறவனின் குரல் முதலில் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. எங்கள் பகுதிக்குப் புதிதாக ரோந்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் ஓடிவந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அவரை எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்காது. மதுவிலக்கு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து பானையை முகர்ந்து பார்ப்பவர். கடலை வண்டியில் கை விட்டு அள்ளிக்கொண்டு போகிறவர். அவர் வந்தாலே பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த மனிதர் அன்றைக்கு லத்தியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அத்தனை பேர் நடுவிலும் புகுந்தார். கீழே கிடந்தவனின் சட்டைக் காலரைப் பற்றித் தூக்கினார். "விடு! விடு! நான் டேசனுக்குக் கொண்டுபோறேன்! எல்லாம் கேஸ் ஆயிடும்!" என்று கத்தினார்.

"இன்னா கேஸு? துட்டு வாங்கினு வுட்ருவே நீ! அவன இங்க குடு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் ஆளை இழுத்துக்கொண்டு பின்னோக்கியே நகர்ந்து வந்தார். அவர் முதுகு எங்கள் வாசலை நோக்கி வந்தது. அப்போது தொட்டிக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். அவர் முகம் நான் தினம் பார்க்கிற முகமாக இல்லை. கையில் ஒரு பிளந்த சவுக்குக் கட்டை. "எம் புள்ளடா! எம் புள்ள!" என்று சொல்லிக்கொண்டே ஓங்கினார். கட்டை அந்த ஒல்லி ஆளுக்குத்தான் ஓங்கப்பட்டது என்று நினைக்கிறேன். போலீஸ்காரர் குறுக்கே வந்தார். அவர் தலைப்பாகை தெறித்து விழுந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் வழிந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எம்மா, நவுரு!" என்றார்.

நான் நகர்ந்தேன்.

அவர் அந்த ஆளை உள்ளே தள்ளி, தானும் நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நான் வெளியே நின்றிருக்கலாம். என்ன நினைத்தேனோ, அவர்களோடு நானும் உள்ளேதான் இருந்தேன்.

உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஓடிப்போய்ப் பின்கதவைத் தாழிட்டேன். யாரும் சொல்லவில்லை. முற்றத்தில் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். "ஏமே, கொலகாரனுக்குக் கதவ சாத்துறியா? உனக்குன்னு ஒரு புள்ள பொறந்தா தெரியும்!" என்று ஒருத்தி கத்தினாள். அவளோடு நான் காலையில்தான் புளி மாற்றிக்கொண்டிருந்தேன்.

போலீஸ்காரர் முன்கதவில் முதுகைச் சாய்த்துக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். அடிபட்டவன் அரிசிப் பானைக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டான். அவனுக்கு ஒரு கண் மூடிப்போயிருந்தது. பல் உடைந்திருந்தது. நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். நானும் அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்துவிட்டான். சொம்பைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் எடுத்துக் குடித்தான்.

கல் வந்து ஓட்டில் விழுந்தது. ஓடு உடைந்து அறைக்குள் சிதறியது. ஜன்னல் கம்பிக்குள் ஒரு கழி நுழைந்து துழாவியது. அலமாரியிலிருந்த ஒரே கண்ணாடி டம்ளரும் போயிற்று.

"தங்கச்சி!" தொட்டிக்காரரின் குரல் கதவுக்கு வெகு அருகில் கேட்டது. கத்தவில்லை. கெஞ்சுவது போல இருந்தது. "தங்கச்சி, கதவத் தொற. உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அவன மட்டும் வெளில அனுப்பு."

போலீஸ்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"வேணாம்ண்ணே," என்றேன். "கொழந்த பத்ரமாத்தானே கீது? போங்கண்ணே."

"உனக்கு நான் இன்னா கொற வெச்சேன்?"



எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அந்தச் சின்ன அறையில் மூன்று பேர் இருக்க நடப்பதற்கும் இடமில்லை. உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு மூலையில் குவித்தேன். பிறகு அதையே எடுத்து இன்னொரு மூலையில் குவித்தேன். போலீஸ்காரர் ஒருமுறை, "உட்காரும்மா, பாக்கவே தலை சுத்துது," என்றார். நான் உட்காரவில்லை. என் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தேன். தலையில் கட்டிக்கொண்டார். "உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன். "ஊர்ல பொண்டாட்டி முழுகாம இருக்கா," என்றார். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் லாரிச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரும் ஒரு லாரி போலீசும் வந்து இறங்கினார்கள். லத்தியைச் சுழற்றியதும் தெரு காலியாகிவிட்டது. அந்த ஆளைத் தூக்கி லாரியில் போட்டார்கள். அவன் சாக்கு குழாயடியிலேயே கிடந்தது. அவிழ்த்துக் கொட்டினார்கள். உள்ளே ஒரு பித்தளைக் குடமும், இரண்டு பித்தளைக் குழாய் மூடிகளும், சில காலி பாட்டில்களும் இருந்தன. குடம் அடுத்த தெருவில் காணாமல் போனது. அவன் திருடன்தான். குழந்தையிடம் அவன் கேட்டது, "உங்கம்மா வூட்ல கீதா?" என்பதாம். ஆளில்லாத வீடு எது என்று தெரிந்துகொள்ளத்தான்.

குடத்தைப் பார்த்ததும் தெரு ஜனங்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். "பாத்தியா? சும்மாவா அடிச்சோம்? திருட்டுப்பய!" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் தொட்டிக்காரரையும் இன்னும் இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். குழந்தை "நைனா, நைனா" என்று அழுதுகொண்டே தெருமுனை வரைக்கும் பின்னால் ஓடியது.

என் கணவர் ஹார்பரிலிருந்து வரும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள். உள்ளே வந்து ஓட்டில் இருந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "உனக்கு அடி ஒண்ணும் படலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எதுக்கும்மே கதவத் தொறந்தே?" என்றார்.

"நான் எங்க தொறந்தேன்? தொறந்துதான் கெடந்துச்சு. நவுருன்னார், நவுந்தேன்."

"அல்லாரும் தொறந்தேன்னுதான் சொல்றாங்க."

நான்கைந்து நாள் கழித்து வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. கணவர் லீவு போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். அதற்கு முன்பு நான் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பின்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல. யாரோ துவைக்கிறார்கள் என்றே நினைத்தேன். பிறகு இடையில் ஒரு முனகல் கேட்டது.

எழுந்து போனேன். கணவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார், நான் நிற்கவில்லை. பின்பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த ஒல்லி ஆளைக் குப்புறப் போட்டிருந்தார்கள். ஒருவர் அவன் கால்களைச் சேர்த்துப் பிடித்திருந்தார். உள்ளங்காலில் தடியால் அடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் வீட்டுக் கதவில் முதுகு கொடுத்து நின்ற அதே போலீஸ்காரர். தலையில் ஆஸ்பத்திரிக் கட்டு வெள்ளையாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "நீங்க ஏம்மா இங்க வந்தீங்க? முன்னாடி போய் உக்காருங்க," என்றார்.

"அன்னிக்கு உயிரக் குடுத்துக் காப்பாத்தினீங்களே அவன?"

அவர் உண்மையிலேயே புரியாதவர் போல என்னைப் பார்த்தார். "அன்னிக்கு அவன் தெருவுல இருந்தான். செத்திருந்தா எனக்கில்ல பேஜாரு? இப்ப டேசன்ல இருக்கான். மத்த சாமானெல்லாம் எங்க வித்தான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். இது வேற, அது வேற."

இது வேற, அது வேற. பல வருஷம் அந்த வார்த்தை என் காதில் இருந்தது. சோறு கொதிக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, காரணமில்லாமல் வந்து நிற்கும்.

என் வாக்குமூலத்தை ஏட்டு எழுதிக்கொண்டார். வயதானவர், வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார். கட்டையால் அடித்தது யார் என்று கேட்டார். சொன்னேன். கூட இன்னும் இரண்டு பேர் அடித்தார்களே, தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லும்மா. வலை பின்றவன் ஒருத்தன், தொட்டில கட்ட பிளக்கறவன் ஒருத்தன். ரெண்டு பேரும் கல்லெடுத்து போலீசை அடிச்சானுங்க. நீதான் ஜன்னல் வழியா பாத்தியே?"

"ஜன்னல் வழியா ஒரு கழிதான் உள்ள வந்துச்சு. யார் கழின்னு தெரியாது."

"தெரிஞ்ச மாதிரி சொன்னா கேஸுக்கு நல்லது."

"பாக்காதத எப்பிடி சொல்றது?"

அவர் சிரித்தார். "டீச்சர் வேலைக்குப் போற பொண்ணாச்சே," என்றார் என் கணவரிடம்.

தொட்டிக்காரர் ஜாமீனில் வந்தார். முகம் இளைத்திருந்தது. எதிரெதிரே வீடு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தாக வேண்டும். அவர் என்னைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். விறகு தர மறுக்கவில்லை. ஆனால் தொட்டியில் எனக்கு நிறுத்துப் போடுவதெல்லாம் அடியில் கிடக்கும் ஈரக்கட்டையாகவே இருந்தது. அடுப்பு பற்றாது. ஒரே புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுவேன். வேறு தொட்டிக்குப் போகலாம், கொஞ்சம் தூரம். போகவில்லை. ஏனோ பிடிவாதமாக அங்கேயே வாங்கினேன்.

குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுபோகும். என் குடம் வரிசையில் தானாகப் பின்னால் போய்விடும். 'டாணாக்காரன் பொண்டாட்டி', அதாவது போலீஸ்காரன் பெண்டாட்டி என்று எனக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு ஆணை விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேனாம். இரண்டு ஆண்கள் என்று நியாயமாகச் சொல்லியிருக்கலாம்.

ஒருநாள் தொட்டிக்காரரின் மனைவி பின்கதவு வழியாக வந்தாள். குழந்தை இடுப்பில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவருக்கு ஜெயிலாய்டுச்சுனா நாங்க எங்க போறது? அவரு இன்னா திருடனாரா, கொல பண்ணாரா? பெத்த வயிறு, துடிச்சுது. யாரு அடிச்சதுன்னு தெர்லன்னு ஒரு வார்த்த சொல்லேன். உன் வாய்ல இன்னா கொறஞ்சுடப் போவுது?"

அவள் காய்ச்சின கஞ்சியைக் குடித்த வாய். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், கோபப்பட்டிருப்பேன்.

"யோசிக்கிறேங்கா," என்றேன்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தெர்லன்னு சொல்லிட்டு வந்துரும்மே," என்றார். "தெர்லன்னு சொல்றது ஒரு பொய்யா? ஊர்ல பாதி சண்ட தெர்லன்னு சொல்றதுலதான் நின்னுகினு கீது."

"அந்த டாணாக்காரர் மண்ட ஒடஞ்சத நான் பாத்தேனே."

"அவன் யோக்கியனா? நீதான டேசன்ல பாத்தே?"

"அதையும்தான் பாத்தேன்."

"ரெண்டையும் பாத்தவ ரெண்டையும் மறந்துடு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தத் தெரு வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்து வளர்ந்த இடம். தொட்டி வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதுதான் அவருக்கு வேலை விட்டு வந்தபிறகு இருந்த ஒரே சுகம். அதுவும் இப்போது இல்லை.

சம்மன் வந்தது. ஜார்ஜ் டவுனில் மாஜிஸ்திரேட் கோர்ட்டு. காலையில் ரயிலேறிப் போவோம். வராந்தாவில் நிற்போம். தொட்டிக்காரரும் அதே ரயிலில்தான் வருவார். பெட்டி மட்டும் வேறு. மத்தியானம் டவாலிச் சேவகர் வந்து வாய்தா என்பார். மறுபடி வீடு. வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டே போவேன். சொல்லாமல் திரும்பி வருவேன். ஏட்டு ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வந்து நின்று, வலைக்காரனை ஞாபகம் வந்துவிட்டதா என்று கேட்பார். நான் வராந்தாவின் மறுமுனைக்கு நடந்துவிடுவேன்.

இதற்குள் அந்த ஒல்லி ஆளுக்கு வேறு ஒரு தேதியில் குடத்துக்காகத் தண்டனை ஆகி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தன்னை அடித்தார்கள் என்று அவன் யாரிடமும் புகார் சொல்லவில்லையாம். எந்த அடியை என்று சொல்லுவான்?

கடைசியில் ஒருநாள் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சர்க்கார் வக்கீல் கேட்டார், நான் சொன்னேன். குழாயடியில் பார்த்ததை, விசிலை, கட்டையை. "அந்தக் கட்டையால் கான்ஸ்டேபிளை அடித்தவர் இங்கே இருக்கிறாரா?" என்றார். கை காட்ட வேண்டும். கையை நீட்டினேன். ஜாமீனில் வந்தபிறகு தொட்டிக்காரர் அன்றுதான் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அவர்தான். ஆனா போலீஸ்காரரை அடிக்கணும்னு அவர் ஓங்கல. அந்த ஆளை அடிக்கத்தான் ஓங்கினார். இவர் குறுக்க வந்துட்டார்," என்றேன்.

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு," என்றார் சர்க்கார் வக்கீல். மற்ற இரண்டு பேரையும் தெரியுமா என்றார். தெருக்காரர்கள், தெரியும், அவர்கள் எதையும் எறிந்து நான் பார்க்கவில்லை என்றேன். பின்னால் ஏட்டு இருமினார்.

தொட்டிக்காரர் வைத்த வக்கீல் எழுந்தார். சின்ன வயது, சுறுசுறுப்பு. நான் கதவைத் திறந்தேனா என்று கேட்டார். நகர்ந்தேன் என்றேன். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். பிறகு அவர், "இந்தக் கான்ஸ்டேபிள் நல்லவரா?" என்றார்.

"அன்னிக்கு நல்லது பண்ணார்."

"வேறொரு நாள்?"

எப்படித் தெரிந்ததோ. என் கணவர்தான் தொட்டிக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் ஸ்டேஷனில் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். உள்ளங்கால், தடி என்று சொன்னதுமே மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "அது இந்த வழக்கு இல்லை," என்றார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவிடம், அதை எழுத வேண்டாம் என்று கை காட்டினார். நான் பேசிக்கொண்டேயிருந்தேன், நிறுத்தத் தெரியாமல். "போதும்மா, இறங்கு," என்றார்.

வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போலீஸ்காரர் பக்கத்தில் வந்தார். நெற்றியில் தழும்பு பளபளத்தது.

"உள்ள நடந்தத எதுக்கும்மா சொன்னீங்க?" என்றார்.

"கேட்டாங்க."

"ரெண்டு பேருக்கும் நல்லவங்களா இருக்கணும்னு பாக்கறீங்க." நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டினார். "அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி நான் ஒருத்தன். ஓடியிருக்கலாம். ஓடிட்டு, கூட்டம், என்னால முடியலன்னு எழுதிக் குடுத்திருந்தா ஒருத்தனும் என்னக் கேட்டிருக்க மாட்டான். அது மட்டும் உங்களுக்குத் தெரியணும்."

"தெரியும்," என்றேன். உண்மையில் அது எனக்குத் தெரியும். அவர் அதைக் கேட்கக்கூட நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

தீர்ப்பு எல்லாரும் பயந்தது போல இல்லை. பிள்ளை பயத்தில் செய்தது, இதற்கு முன் எந்தக் குற்றமும் இல்லாதவர் என்று சொல்லி, தொட்டிக்காரருக்கு அபராதமும், அன்று கோர்ட்டு கலையும்வரை காவலும் விதித்தார்கள். மற்ற இருவரையும் விட்டுவிட்டார்கள். தொட்டிக்காரர் கோர்ட்டுக்குள்ளேயே ஒரு பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அதுதான் தண்டனை. மற்றவர்களின் வழக்குகளை எல்லாம் கேட்டுக்கொண்டு, மடியில் கையைக் கோத்துக்கொண்டு. என் கணவர் அவரோடு ரயிலில் வருவதாகச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். நான் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

தெருவில் அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. அதன்பிறகும் சொல்லவில்லை. தண்டனை குறைந்ததற்கு என் வார்த்தையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று வக்கீல் சொன்னதாகக் கணவர் சொன்னார். அதைத் தெருவில் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னா நம்புவாங்களா?" என்றார். விறகு மட்டும் காய்ந்த கட்டையாக வரத் தொடங்கியது. தொட்டிக்காரர் சொல்லி அப்படி நடந்ததா, மழைக்காலம் முடிந்ததால் நடந்ததா, எனக்குத் தெரியாது. பிள்ளை பிடிக்கிற பேச்சும் எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது. போலீஸ்காரரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். அவருக்கு என்ன குழந்தை பிறந்தது என்று கேட்டிருக்கலாமே என்று அவர் போனபிறகு தோன்றியது.

எனக்கு வேலைக்கு உத்தரவு வந்தது, திருவொற்றியூரில். கணவர் வீடு மாற்ற வேண்டாம், ரயிலில் போய்வரலாம் என்று சில நாள் சொல்லிப் பார்த்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அறையில் எனக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. பகலில் கதவைத் திறந்துவைத்தால் யாரோ ஓடிவருவது போலிருக்கும். சாத்தினால் யாரோ வெளியே நிற்பது போலிருக்கும். பாதி சாத்திவைப்பேன். அதையும் அடிக்கொரு தரம் எழுந்து பார்ப்பேன்.

சாமான்களைக் கைவண்டியில் ஏற்றினோம். எங்களிடம் அதிகமில்லை, ஆனால் வண்டிக்காரன் புதியவன், பாரத்தை எல்லாம் ஒரு பக்கமாக ஏற்றி, கயிறு கட்டத் தெரியாமல் திணறினான். என் கணவரும் அவனுமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்காரர் எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "நவுருடா," என்று வண்டிக்காரனை விலக்கிவிட்டு, சாமானை இறக்கி மறுபடி அடுக்கினார். கட்டை ஏற்றிப் பழகின கை. கயிற்றை இழுத்து இழுத்து முடிந்தார்.

"அண்ணே, வரோம்ண்ணே," என்றார் என் கணவர்.

"உம். போய்ட்டு வா. ஞாயித்துக்கெழம வா, இன்னா?"

அவரைப் பார்த்துத்தான் சொன்னார். நான் வண்டியின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்வதென்று அத்தனை மாதமும் யோசித்து வைத்திருந்தவள்தான். அவர் கையைத் தட்டிக்கொண்டு தொட்டிக்குள் போய்விட்டார். வண்டிக்காரன் தம் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். வண்டி கிளம்பிவிட்டது. கணவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் கைகொடுத்துத் தள்ளிக்கொண்டு போனேன்.